கடல் வளர்த்த ஊர்: நாகூரின் வரலாறும் வாழ்வும்

ஜமாதுல் ஆகிர் பிறை தென்படும் நாளில் நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்குக் கொடிகள் புறப்படுகின்றன. ஐந்து கல் தொலைவுகூட இல்லாத அந்தப் பாதையில், வழிநெடுகக் கூடி நிற்கும் மக்களுக்கிடையே கொடிகளைச் சுமந்து வருபவை பல்லக்குகள் மட்டுமல்ல. கப்பல் வடிவில் அலங்கரிக்கப்பட்ட இரதங்களும் வருகின்றன. பாய்மரமும் கயிறும் முகப்பும் உடைய கப்பல்கள், சக்கரம் பூட்டிக்கொண்டு தார்ச்சாலையில் வருகின்றன. வேடிக்கை பார்க்கும் சிறுவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, தரையில் ஏன் கப்பல் ஓடுகிறது என்பதுதான். பெரியவர்களாகிய நாம் அக்கேள்வியைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டோம்.

நாகூரைப் பற்றி நம் சமுதாயத்தில் இன்று இரண்டு பேச்சுகளே உண்டு. ஒன்று, ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் காரணங்களை அடுக்கிச் சொல்லும் பேச்சு. மற்றொன்று, தர்கா வழிபாட்டை மறுக்கும் பேச்சு. இரண்டாவது பேச்சு 1980களுக்குப் பின் உரத்து ஒலித்தாலும், காவிரிக் கரைக்குப் புதியதன்று. கும்பகோணத்துப் பக்கம் பிறந்த பா. தாவூத் ஷா (1885–1969) தம் 'தாருல் இஸ்லாம்' இதழின் வழியே இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இத்தகைய கேள்விகளைக் கூரிய தமிழில் எழுப்பியிருந்தார். அந்த விவாதம் மார்க்க அறிஞர்களுக்கு உரியது. அதில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நம் வருத்தம் வேறு. இந்த இரு பேச்சுகளுக்கும் நடுவே ஊர் காணாமற் போய்விட்டது. கடலோடிகளும் வணிகர்களும் புலவர்களும் பெண்களும் சேர்ந்து மூன்று நூற்றாண்டுகள் கட்டியெழுப்பிய ஒரு துறைமுக நகரம், போற்றுவோர்க்கு ஓர் அடக்கத்தலமாகவும் மறுப்போர்க்கு ஒரு பிழையாகவும் மட்டுமே எஞ்சி நிற்கிறது.

வெட்டாறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்தது நாகூர். காவிரியின் கிளைகளுள் ஒன்றாகிய வெட்டாறு, தஞ்சைத் தரணியின் நெல்வயல்களுக்கு நீர் பாய்ச்சிவிட்டு இங்கே வந்து முடிகிறது. தெற்கே நாகப்பட்டினம், வடக்கே காரைக்கால், அதற்கும் அப்பால் தரங்கம்பாடி. முறையே ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், தேனியர் என மூன்று ஐரோப்பியக் கொடிகள் பறந்த கரை அது. நாகூரில் மட்டும் நெடுங்காலம் தஞ்சை அரசின் ஆணையே செல்லுபடியாயிற்று. ஊரின் வரலாற்றுக்குத் திறவுகோல் இந்த ஒரு செய்திதான் என்பது நம் கருத்து. அதனைப் பின்னர் விரித்துச் சொல்வோம்.

கடலும் சமயமும் இந்தக் கரையில் கைகோத்து நடந்தது நாகூரில் தொடங்கியதன்று. முதலாம் இராசராசன் காலத்தில், ஸ்ரீவிஜயத்து மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினார். ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழ மன்னன் அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்த செய்தி, நெடுங்காலம் ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரில் இருந்த செப்பேடுகளில் காணப்படுகிறது. அந்த விகாரத்தைச் சார்ந்தது எனக் கருதப்படும் செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. புதுவெளிக் கோபுரம் என்று ஊரார் அழைத்த அதனைக் கடலிலிருந்து வரும் மாலுமிகள் கரைக்கு அடையாளமாகக் கொண்டிருந்தனர். 1867இல் அது இடிக்கப்பட்டது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கேயுள்ள வேளாங்கண்ணியிலும், புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் நேர்த்திக்கடனாகக் கோயில் எழுப்பிய கதையே அடிப்படை. ஆக, இருபது கல் நீளமுள்ள இக்கரையில் பௌத்தரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் ஒரே அச்சத்தோடும் ஒரே நன்றியோடும் கடலைப் பார்த்து நின்றிருக்கிறார்கள்.

ஷாஹுல் ஹமீது ஆண்டகை (ரஹ்) வட இந்தியாவில் மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியர் முஹம்மது கௌது (ரஹ்) அவர்களிடம் பயின்று, நெடும்பயணங்களுக்குப் பின் சீடர்களோடு நாகூர் வந்து தங்கினார்கள் என்றும், ஹிஜ்ரி 978இல், அதாவது 1570இல், வபாத்தானார்கள் என்றும் மரபு நூல்கள் கூறும். தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்பரின் தீரா நோயைத் தீர்த்ததற்காக நிலம் அளிக்கப்பட்டது என்பதும் மரபுச் செய்தியே. இங்கே ஆராய்ச்சிக்கு இடமுண்டு. ஆண்டகையின் நாகூர் வாழ்வின் பெரும்பகுதியில் தஞ்சையில் அரசு செலுத்தியவர் செவ்வப்ப நாயக்கர் (1532–1580). அச்சுதப்பர் அவருடைய மகன். தந்தையின் இறுதிக் காலத்தில் அவரோடு சேர்ந்து ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர். நெடுங்காலம் ஆண்ட மகனின் பெயர் மக்கள் நினைவில் தந்தையின் பெயரை மூடிக்கொண்டது என்று கொள்வதில் தவறில்லை. மன்னர் யாராயினும், புதிதாக அமைந்த நாயக்க அரசு கடற்கரையில் முஸ்லிம்களுக்கு இடமளித்ததில் அரசியல் தேவையும் இருந்தது.

அத்தேவை யாது? பதினாறாம் நூற்றாண்டின் கடல், முஸ்லிம்களுக்கு மூடப்பட்டுக்கொண்டிருந்த கடல். போர்த்துக்கீசியர் 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டு இன்றிச் செல்லும் கலங்களைக் கவர்ந்தனர். 1538இல் வேதாளை அருகே நடந்த போரில் கள்ளிக்கோட்டை மரக்காயர்களின் கப்பற்படை அவர்களால் சிதறடிக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலேயே போர்த்துக்கீசிய வணிகர்கள் குடியேறியிருந்தனர். அவர்களுடைய பிடிக்கு வெளியே, ஆனால் அதே நெல்லுக்கும் துணிக்கும் வழிவிடும் இன்னொரு துறை, முஸ்லிம் வணிகர்க்கும் வேண்டியிருந்தது, சுங்கம் வாங்கும் மன்னர்க்கும் வேண்டியிருந்தது.

ஆண்டகையைப் பற்றி வழங்கும் கதைகளில் கண்ணாடிக் கதையை அறியாதார் இல்லை. தலைமயிர் களைந்துகொண்டிருந்த வேளையில், நடுக்கடலில் ஒரு கப்பல் துளைபட்டு மூழ்குவதை உணர்ந்த ஆண்டகை, நாவிதர் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி வீச, அது சென்று துளையை அடைத்தது என்பது கதை. இதனைச் சொல்வோரிற் சிலர் அது ஒல்லாந்தர் கப்பல் என்பார்கள். வரலாறு படித்தவர் உடனே மறுப்பார். ஒல்லாந்தரின் கப்பல்கள் இந்துமாக்கடலுக்கு முதன்முதலாக வந்ததே 1590களில். அவர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்தது 1658இல். ஆண்டகையின் காலத்தில் ஒல்லாந்தர் கப்பல் இங்கே எப்படி வரும்?

இந்த மறுப்பு சரியானதே. ஆனால் இதோடு நின்றுவிடுவது சோம்பல். காலம் பொருந்தாத கதையும் வரலாற்றாசிரியனுக்கு ஒரு சாசனந்தான். கதையின் நாயகருடைய காலத்தையன்றி, கதை சொன்னவர்களின் காலத்தை அது காட்டுகிறது. ஒல்லாந்தர் கும்பினி கடலை ஆண்ட நாளில், அவர்களுடைய கப்பலும் ஒரு முஸ்லிம் இறைநேசரின் கருணையால் தப்பியது என்று சொல்லிக்கொண்ட மக்கள் யார்? அதே கும்பினியிடம் அனுமதிச் சீட்டுக்காகக் காத்து நின்ற நாகுதாக்களும், அவர்களுடைய கலங்களில் துளை அடைத்த கலாசிகளும் ஆவர். கடலில் துளை விழுந்த கலம் என்பது அவர்களுக்கு உவமையன்று. அதனால் மனைவி கைம்பெண்ணாவாள், குழந்தைகள் அநாதைகளாவார்கள். கண்ணாடியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அந்தத் துளை மட்டும் உண்மை.

இனி முன்பு விட்ட செய்திக்கு வருவோம். நாகப்பட்டினத்தைப் பிடித்த ஒல்லாந்தர், 1690இல் சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமையிடத்தையே அங்கு மாற்றினர், கோட்டை கட்டினர், காசு அடித்தனர். அவர்களுடைய சட்டமும் சுங்கமும் நாகப்பட்டினத்தின் எல்லையோடு முடிந்தன. அடுத்த ஊராகிய நாகூரில் தஞ்சை மராத்தியரின் அதிகாரிகள் இருந்தனர். கும்பினியின் ஏகபோகத்தை விரும்பாத மரக்காயர்கள் நாகூர்த் துறையைப் பயன்படுத்தினர். பதினெட்டாம் நூற்றாண்டில் நாகூரும் பரங்கிப்பேட்டையும் சோழமண்டல முஸ்லிம்களின் கப்பல் தொழிலுக்கு இரு கண்களாயின. அச்சே, கெடா, மலாக்கா, பர்மியக் கரை என்று அவர்களின் கலங்கள் சென்றன. இங்கிருந்து போனது பெரும்பாலும் துணி. அங்கிருந்து வந்தவை பாக்கு, மிளகு, ஈயம், சாம்பிராணி, சில வேளைகளில் யானைகளும்கூட. யானையை மரக்கலத்தில் ஏற்றிக் கடல் கடத்திய நம் முன்னோரின் துணிவை எண்ணினால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

இந்தக் கப்பல்களைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும் என்று வாசகர் கேட்கலாம். பெரும்பாலும் அயலாரின் ஏடுகளிலிருந்துதான். எந்தக் கலம் எந்த நாளில் வந்தது, என்ன சரக்கு, உடைமையாளர் யார் என்றெல்லாம் எழுதி வைத்தவர்கள் ஒல்லாந்தரும் ஆங்கிலேயருமே. நாகூர் மரக்காயரின் பெயரைத் தேடும் ஆய்வாளர் த ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் போகிறார். அங்கே ஒல்லாந்தர் காதில் விழுந்தபடி திரிந்த வடிவத்தில் அப்பெயரைக் காண்கிறார். நம் வணிகர்கள் கணக்கு எழுதாதவர்கள் அல்லர். எழுதியவை என்னவாயின என்பதே கேள்வி.

இந்தப் பின்னணியில்தான் தர்காவின் ஐந்து மனோராக்களுள் உயர்ந்ததாகிய, 131 அடி உயரமுள்ள பெரிய மனோராவைப் பார்க்க வேண்டும். அதனைக் கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் (ஆட்சி 1739–1763). பிள்ளை வரம் வேண்டி, மகன் துளஜா பிறந்ததற்கு நன்றியாகக் கட்டினார் என்பது ஊர் வழக்கு. சமய நல்லிணக்கத்துக்குச் சான்றாக இதனை மேடைதோறும் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆயினும் நல்லிணக்கம் என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுவது மன்னரின் அறிவுக்கு நாம் செய்யும் குறைவு. ஒருபுறம் ஆர்க்காட்டு நவாபு, மறுபுறம் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என நெருக்குண்ட பிரதாப் சிங்குக்குப் பணம் தரும் துறைமுகம் நாகூர். அத்துறையை வாழவைத்தவர்கள் மரக்காயர்கள். அவர்கள் மதித்த இடத்தில், கடலில் நெடுந்தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி ஒரு கோபுரத்தை மன்னர் எழுப்பினார். பக்தியும் இராஜதந்திரமும் ஒரே கல்லில் இருந்திருக்கக் கூடாதா என்ன? நாகப்பட்டினத்துப் பௌத்தக் கோபுரம் செய்துவந்த பணியை நாகூர் மனோராவும் சேர்ந்து செய்யலாயிற்று. அது இடிந்த பின்னும் இது நிற்கிறது.

மனோரா என்ற சொல்லே சுவையானது. அறபியின் 'மனாரா' மராத்தியர் வாயிலும் தமிழர் வாயிலும் மனோரா ஆயிற்று. பின்னர் இரண்டாம் சரபோஜி, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814இல் பேராவூரணிப் பக்கத்துக் கடற்கரையில் கட்டிய கோபுரத்துக்கும் மனோரா என்றே பெயர். பாங்கொலிக்கும் இடத்தின் பெயர், ஐரோப்பியப் போரொன்றின் வெற்றித் தூணுக்குச் சென்று சேர்ந்த விந்தை தஞ்சை நாட்டில்தான் நடக்கும்.

துளஜாவின் காலத்தில் நாகூர் கை மாறியது. கடன் சுமையில் அவர் 1773இல் அதனை ஒல்லாந்தருக்கு விற்க, நவாபும் ஆங்கிலேயரும் தடுத்துப் பறிக்க, இறுதியில் 1778இல் துளஜாவே அதனை ஆங்கிலக் கும்பினிக்கு அளித்தார். 1781இல் நாகப்பட்டினமும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இரண்டு துறைகளுக்கும் ஒரே எசமான் வந்ததும், நாகூருக்கு இருந்த தனித்த வசதி மறைந்தது. 1866இல் இரண்டும் ஒரே நகராட்சியாக்கப்பட்டன. நீராவிக் கப்பலும் மான்செஸ்டர் துணியும் வந்தபின் நாகூர்ப் பாய்மரங்களின் கதை என்னவாகியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

துறைமுகம் தளர்ந்தபோது ஊர் அழியவில்லை. கடல் கடந்து பெருகியது. பினாங்கில் ஆங்கிலேயர் 1786இல் குடியேறிய சில ஆண்டுகளிலேயே, சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வந்து போவதாக அத்தீவின் நிறுவனர் பிரான்சிஸ் லைட் எழுதினார். சூலியர் என்று அழைக்கப்பட்ட இவர்களின் பெயரில் பினாங்கில் இன்றும் ஒரு தெரு இருக்கிறது. அத்தெருவில் நாகூர் ஆண்டகை பெயரால் ஒரு தர்காவும் இருக்கிறது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா ஒன்று எழுந்தது. அங்கே அடக்கம் ஏதும் இல்லை. நாகூரின் நினைவே உண்டு. அந்நாளில் அத்தெரு கடற்கரையாக இருந்தது. கலத்திலிருந்து இறங்கியவன் முதலில் கால் வைக்கும் மண்ணில், தான் புறப்பட்ட துறையின் அடையாளத்தை நட்டு வைத்தான். பின்னர் கடல் தூர்க்கப்பட்டு, கரை வெகுதூரம் தள்ளிப் போயிற்று. 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கட்டடம், 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலும் ஆண்டகை பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கிறது. நாகூர் என்ற ஊர் ஓரிடத்தில் மட்டும் இருப்பதன்று.

கடலோடிகளுடன் தமிழும் பயணம் செய்தது. சிங்கப்பூரில் அச்சான தமிழ் நூல்களுள் இன்று கிடைப்பனவற்றில் மிகப் பழையது, 1872இல் வெளிவந்த 'முனாஜாத்துத் திரட்டு'. அதனை இயற்றியவர் நாகூர் முஹம்மது அப்துல் காதிர் புலவர். ஒரு நாட்டின் தமிழ் அச்சு வரலாறு நாகூர்க்காரர் ஒருவரின் இறைஞ்சுதல் பாடல்களோடு தொடங்குவதாகக் கணக்கிடப்படுவது சிறிய செய்தியன்று. ஆனால் நாகூரிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும்?

குலாம் காதிறு நாவலர் (1833–1908) பெயரை நம் வாசகர்கள் அறிவார்கள். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். பினாங்கில் 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தியவர். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது அதன் புலவர்களுள் முதல்வரிசையில் வைத்து மதிக்கப்பட்டவர். 'நாகூர்ப் புராணம்' பாடிய அதே கையால், ரெய்னால்ட்ஸின் ஆங்கில நாவலைத் தமிழில் 'உமறு பாஷா யுத்த சரித்திரம்' ஆக்கினார். ஆண்டகையின் வரலாற்றை 'கன்ஜுல் கறாமாத்து' என உரைநடையில் தந்தார். சைவ மடத்துத் தமிழ், அறபு மரபு, பினாங்கின் அச்சுக்கூடம், இலண்டன் நாவல் ஆகிய நான்கும் ஒரே மனிதரிடம் கூடியதை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் வியப்பார்கள். துறைமுகத்தில் பிறந்தவருக்கு அது இயல்பு. நாகூரைப் 'புலவர் கோட்டை' என்று சொல்வது வழக்கம். 'கப்பல் கோட்டை' இல்லையேல் புலவர் கோட்டை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆதரித்த வள்ளல்கள் கலம் உடையவர்கள்.

ஊரின் வாழ்வைப் பற்றிப் பேசுகையில் ஆண்களின் பயணத்தைச் சொல்லி, வீட்டைச் சொல்லாது விடுவது நம் வரலாற்றெழுத்தின் பழைய குறை. நாகூர் வீட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மரக்காயர் ஊர்களாகிய காயல்பட்டினம், கீழக்கரை, காரைக்கால் போன்று இங்கும் திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கு உரியது. ஏன் இப்படி? சபர் போன கணவன் ஈராண்டு, மூவாண்டு திரும்பமாட்டான். சில வேளை திரும்பவே மாட்டான். அவன் இல்லாத காலத்தில் அவள் மாமியார் வீட்டில் அயலாளாக இல்லாமல், தாயோடும் தமக்கைமாரோடும் தன் சொந்தக் கூரையின் கீழ் இருக்கிறாள். முற்றமும் தாழ்வாரமும் அடுத்த வீட்டுக்குத் திறக்கும் கொல்லைக் கதவும் கொண்ட அந்த வீடுகள், பெண்கள் தெருவுக்கு வராமலேயே தெரு முழுவதும் சென்று வருவதற்கென்றே கட்டப்பட்டவை. சபுராளி என்ற சொல் வீட்டின் ஆண்மகனைக் குறித்தது. பயணி என்பதே அதன் பொருள். பயணி போனால் தங்கியிருப்பவர் யார்? ஊரை நடத்தியவர்கள் பெண்களே.

இந்த வழக்கத்தை நாம் புகழ்ந்து மட்டும் விட்டுவிட முடியாது. பெண்ணுக்குக் காப்பாக அமைந்தது, காலப்போக்கில் மகள்களைப் பெற்ற தகப்பனுக்குத் தாங்கமாட்டாத பாரமாயிற்று. நான்கு பெண்கள் இருந்தால் நான்கு வீடு. கப்பலும் இல்லை, மலாயாக் கடையும் இல்லை என்றான பின்னும் வீட்டைக் கேட்பது நிற்கவில்லை. மஹர் கொடுக்க வேண்டியவர் வீடு வாங்கிக்கொண்டு வரும் நிலை மார்க்கத்தின் நோக்கத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கடல் வாழ்வு உண்டாக்கிய ஒரு முறை, கடல் வாழ்வு போன பின்பு வெறும் கட்டாயமாக மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த வீடுகளின் உள்ளேயிருந்து எழுந்த குரல்தான் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998). பள்ளிப் படிப்பு அதிகமில்லை. இளமையிலேயே கணவரை இழந்தவர். 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். தமிழில் முதலில் எழுதிய முஸ்லிம் பெண் நாவலாசிரியருள் ஒருவராக அவர் வைத்து எண்ணப்படுகிறார். அந்நூலைப் பாராட்டி எழுதியவர் உ.வே. சாமிநாதையர். இங்கே ஒரு நூலிழை ஓடுவதைக் கவனிக்கலாம். குலாம் காதிறு நாவலரும் சாமிநாதையரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற ஒரே ஆசிரியரின் மாணாக்கர்கள். நாவலரின் ஊரில், நாவலர் மறைந்து முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு பெண் எழுதிய நாவலுக்கு, நாவலரின் ஒருசாலை மாணாக்கர் மதிப்புரை தருகிறார். காவிரிக் கரையின் தமிழ்க் கல்வி சமயத்தாலும் பாலாலும் பிரிந்து கிடந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் இந்த இழையைப் பிடித்துப் பார்க்கட்டும். தம் ஊரில் ஜுனைதா பேகத்துக்குக் கிடைத்த வரவேற்பு சாமிநாதையர் தந்த அளவுக்கு இருந்ததா என்பதும் நாம் நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியதே.

இசையிலும் அப்படியே. தர்காவின் நகரா மேடையும் நாதசுரமும் ஒருபுறம், பக்கிர்களின் தாயிரா முழக்கம் ஒருபுறம், கர்நாடக இசையில் தேர்ந்த எஸ்.எம்.ஏ. காதர் போன்ற வித்துவான்கள் ஒருபுறம். இராமநாதபுரத்தில் பிறந்து நாகூரைத் தம் பெயரோடு ஒட்டிக்கொண்ட இ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் குரல், ஒலிபெருக்கி கட்டப்பட்ட ஒவ்வொரு தமிழ்த் தெருவுக்கும் இவ்வூரின் பெயரைக் கொண்டு சென்றது. தர்காவை ஏற்காதவர்களும் அவர் பாட்டை முணுமுணுத்ததை நாம் கேட்டிருக்கிறோம். கேட்டுச் சிரித்தும் இருக்கிறோம்.

நெல்லும் இந்தக் கதையில் உண்டு. கந்தூரிக்கு வருவோரில் பெரும்பகுதி கடலோடிகள் அல்லர்; உள்நாட்டு மருத நிலத்துக் குடியானவர்கள், அவர்களிலும் பலர் இந்துக்கள். சந்தனக்கூடு நாகப்பட்டினத்து அபிராமி அம்மன் கோயில் திடலிலிருந்துதான் புறப்படுகிறது. கூத்தாநல்லூர், பொதக்குடி, அத்திக்கடை என வயற்காட்டு முஸ்லிம் ஊர்களிலிருந்தும் ஆண்கள் நாகப்பட்டினத்துக்கு வந்துதான் கப்பல் ஏறினார்கள். 1861–62இல் நாகப்பட்டினத்தையும் திருச்சியையும் இருப்புப் பாதை இணைத்தபின், வயலிலிருந்து கப்பலுக்குப் போகும் தொலைவு ஒரு பகற்பொழுதாகச் சுருங்கியது. 1926 முதல் ஓடிய ரஜுலா கப்பலில் மலாயா சென்று வந்தவர்களின் பேரன்மார் நம் வாசகர்களிலேயே பலர் இருப்பார்கள். பாட்டனாரின் தகரப் பெட்டியில் ஒட்டியிருந்த கப்பல் கும்பினிச் சீட்டை நினைவுகூராத வீடு தஞ்சை மாவட்டத்து முஸ்லிம் தெருக்களில் குறைவு.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில், வளர்த்த கடலே எழுந்து வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாகூரில் ஓடி வந்தவர்களுக்குத் தர்கா புகலிடமாயிற்று. பின்னர் உடல்கள் வந்தன. பெயர் தெரியாதவை, சமயம் தெரியாதவை, கேட்டுச் சொல்ல உறவினர் இல்லாதவை. தர்காவைச் சார்ந்த நிலத்தில் குழிகள் தோண்டப்பட்டு, யார் எவர் என்ற கேள்வியின்றி அவர்கள் அடக்கம் செய்யப்பட்டனர். குழி தோண்டிய இளைஞர்களில் தர்காவுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள், போகாதவர்களும் இருந்தார்கள்.

அந்நாட்களில் இறந்தோரைக் கணக்கெடுத்தார்கள்; இடிந்த வீடுகளையும் உடைந்த படகுகளையும் கணக்கெடுத்தார்கள். வீட்டுப் பரண்களில் இருந்த பழைய ஏடுகளைப் பற்றிக் கேட்பதற்கு அது நேரமன்று. இப்போது கேட்கலாம். அறபுத்தமிழில் எழுதிய சபர்க் கடிதங்கள், சரக்குக் கணக்குகள், மகளுக்கு வீடு எழுதிவைத்த பத்திரங்கள், கையெழுத்துப் படியாகவே நின்றுவிட்ட பாடல்கள் என எவையேனும் நாகூரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இருக்குமானால், வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய தாள் வாங்குபவரிடம் போடும் முன், அறபுத்தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அவ்வெழுத்தைச் சரளமாகப் படிக்கும் தலைமுறையும் குறைந்துகொண்டே வருகிறது.